அரைப்பேர்

தமிழ்மொழி மூலம் கணினிக்கல்வி பெறும் மாணாக்கர்க்கு 'அணி' என்னும் பாடத்தை எச்சொற்களைக் கொண்டு கற்பிப்பது என்ற வினா முதற்பார்வையில் மிகச் சிறியதாகத் தோன்றும். அணியின் தன்மை விளங்கினாற் போதாதா, உதாரணத்துக்கு எந்தச் சொல் வந்தால் என்ன என்று கேட்போர் பலர். கண்டிப் பகுதியில் உயர்தர மாணாக்கர்க்கு இப்பாடத்தைச் சில காலமாகக் கற்பித்து வருபவன் என்ற முறையில், போதாது என்பதே என் துணிபு. உதாரணம் பிழைத்தால் பாடமே பிழைத்துவிடுகிறது. அப்பிழை வகுப்பறையோடு நில்லாது, பின்னொரு நாள் நம்மவர் பெயர்களையே வெட்டிக் குறைக்கும் அளவுக்குச் செல்கிறது.

அணி என்பது யாது? ஒரே இனத்தைச் சேர்ந்த பொருள்களை வரிசையாக அடுக்கி வைப்பதற்குக் கணினியின் நினைவகத்தில் ஒதுக்கப்படும் அறைகளின் தொடர். ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண் உண்டு. எண்ணைச் சொன்னால் அவ்வறையிலுள்ள பொருள் கைக்கு வரும். முதலறையைச் சுழியம் என்று எண்ணுவது பெரும்பாலான மொழிகளின் மரபு. அதனால் முதற்கிழமையில் எல்லா மாணாக்கரும் ஓர் அறை தவறிப்போவர். அது தானே சீராகிவிடும், ஆசிரியர் கவலைகொள்ள வேண்டுவதில்லை. தோட்டப்புறத்துப் பிள்ளைக்கு அணியை விளக்க வேறெங்கும் செல்லவும் வேண்டுவதில்லை. அதன் பாட்டனாரும் பாட்டியாரும் பெயர் பதிந்த செக்ரோல் ஓர் அணிதான்: மேலிருந்து கீழாகத் தொழிலாளர் பெயர்கள், இடமிருந்து வலமாக மாதத்தின் நாட்கள். சரம் என்று பாடநூல் சொல்வது எழுத்துக்களின் கோவை. ஆகவே சரங்களை அணியில் இடுதல் என்பது பெயர்களைச் செக்ரோலில் ஏற்றுதலே என்று சொன்னவுடன் பிள்ளைகளின் முகம் தெளிகிறது.

ஆயினும் நான் கண்ட பயிற்சித்தாள்களுள் பெரும்பாலானவற்றில் அவ்வறைகளுள் இடப்படுபவை யாவை? ஆப்பிள், வாழைப்பழம், தோடம்பழம் என்பவற்றின் ஆங்கிலப் பெயர்கள், ஆங்கில எழுத்திலேயே. விளக்கம் தமிழில் இருக்கிறது. கலைச்சொற்கள் தமிழில் இருக்கின்றன. 1930-களில் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க முயற்சியில் ஈழத்தவரான விபுலாநந்த அடிகள் முன்னின்று உழைத்ததை நாம் பெருமையோடு நினைவுகூர்கின்றோம். அவ்வுழைப்பின் வழிவந்த பயனாக அணி, சரம், சுட்டி, செய்நிரல் என்றெல்லாம் இன்று தயக்கமின்றிப் பேசுகின்றோம். சொல்லைத் தமிழாக்கிய நாம் உதாரணத்தை ஆங்கிலத்தில் விட்டுவிட்டோம். அதனால் நேர்ந்த இழப்பை ஒரு நாள் வகுப்பிலேயே கண்டேன்.

அன்று பழங்களை ஒதுக்கிவிட்டு ஊர்ப்பெயர்களை அணியில் இடுமாறு கூறியிருந்தேன்: கண்டி, கம்பளை, பேராதனை, கட்டுகஸ்தோட்டை. உயர்தரப் பாடத்திட்டத்தில் வழங்கும் பைதன் மொழியில் எழுதிய சிறு நிரல் அது. ஒவ்வொரு பெயரின் நீளத்தையும் கேட்டால் கணினி சொல்லவேண்டும். கண்டிக்கு 5 என்றது, கம்பளைக்கு 6, பேராதனைக்கு 7, கட்டுகஸ்தோட்டைக்கு 14. பின்வாங்கிலிருந்த ஒரு மாணவி எழுந்து, "சேர், இது பிழை. கண்டிக்கு மூன்று எழுத்துத்தானே?" என்றாள்.

அவள் சொன்னது சரி. க, ண், டி, மூன்றே எழுத்து. கம்பளையும் பேராதனையும் நான்கு நான்கு எழுத்து. கட்டுகஸ்தோட்டைக்கு எட்டு. நன்னூல் படித்தவர் எவரும் வேறு விடை கூறார். ஆயின் கணினி சொன்னதும் பொய்யன்று. அது எண்ணியது எழுத்தையன்று, அறைகளை.

இவ்விடத்தைச் சற்று விரித்துரைத்தல் தகும். உலகமொழிகளின் எழுத்துக்களுக்கெல்லாம் எண் வழங்கும் யுனிக்கோடு என்னும் அட்டவணையில், 1991-இல் வெளிவந்த முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. இந்தியாவில் 1988-இல் வகுக்கப்பட்ட ஒரு தரத்தை அடியொற்றி அமைந்த அந்தப் பகுதியில் 128 இடங்களே உண்டு. அவற்றுள்ளும் பல வெறுமையாக விடப்பட்டவை. நம் நெடுங்கணக்கின் 247 எழுத்துக்களுக்கும் தனித்தனி எண் வழங்கப்படவில்லை. உயிரெழுத்துக்கும், அகரமேறிய மெய்க்கும், ஆய்தத்துக்கும், புள்ளிக்கும், கால், கொம்பு, விசிறி முதலிய குறிகளுக்குமே எண்கள் தரப்பட்டன. ஆகவே 'டி' என்பது டகரமும் அதன் விசிறியும் என இரண்டு அறைகளைக் கொள்ளும். 'ண்' என்பது ணகரமும் புள்ளியுமாக இரண்டைக் கொள்ளும். ககரம் ஒன்றோடு நிற்கும். கூட்டினால் ஐந்து.

இலக்கணம் பயின்றவர்க்கு இதில் ஒரு வேடிக்கை புலப்படும். தொல்காப்பியர் நெறியில் மெய்யே முதல். புள்ளியோடு நிற்றல் அதன் இயல்பு. அகரம் வந்து ஏறும்போது புள்ளி நீங்கி 'க' பிறக்கிறது. அட்டவணையோ இதைத் தலைகீழாக்கி, 'க' என்பதை முதலாக வைத்து, அதன்மேற் புள்ளியை ஏற்றி 'க்' ஆக்குகிறது. விளைவு யாதெனின், அரை மாத்திரை பெறும் மெய்க்கு இரண்டு அறை. ஒரு மாத்திரை பெறும் உயிர்மெய்க்கு ஓர் அறை! வகுப்பில் இதைச் சொன்னபோது தமிழ்ப்பாடத்தில் அக்கறையில்லாத பையன்களும் சிரித்தார்கள். மாத்திரை என்பது என்னவென்று அவர்களுக்கு அப்பொழுதுதான் உறைத்தது போலும்.

சரம் என்பதே ஓர் அணி என்ற உண்மையை ஆங்கில உதாரணம் ஒருபோதும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து, ஓர் அறை, ஒரு பைட்டு, மூன்றும் ஒன்றே. மூன்றும் ஒன்றாயிருக்கும் இடத்தில் அவை மூன்றென்பது எங்ஙனம் தெரியவரும்? தமிழிலோ அவை விலகி நிற்கின்றன. கண்டி என்ற பெயர் எழுத்தால் மூன்று, யுனிக்கோட்டு எண்களால் ஐந்து, இன்று பெருவழக்கான யூடிஎஃப்-8 முறையிற் சேமிக்கும்போது பைட்டுக்களால் பதினைந்து. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் அம்முறையில் மூன்று பைட்டுக் கொள்வதால் இவ்வாறாகிறது. மூன்று விடையும் சரியே; வினாதான் வேறு. 'நீளம் என்ன?' என்று கேட்பவன் எதன் நீளம் என்று முதலிற் சொல்லவேண்டும். இந்தத் தெளிவைப் பெற்றவனே பிறகு எம்மொழியிலும் நிரல் எழுதத் தகுதியுடையவன். ஆங்கிலப் பழங்களை அடுக்கிக்கொண்டிருப்பவனுக்கு இஃது ஆண்டுக்கணக்கில் தெரியாமலே போகலாம்.

இனி, பெயர் வெட்டுப்படும் கதைக்கு வருவோம். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1970-களின் தொடக்கத்தில் டெனிஸ் ரிச்சி உருவாக்கிய சி மொழி இன்றும் தொழில்நுட்பக் கல்வியில் தவிர்க்கவொண்ணாதது. அதிற் சரம் என்று தனியே ஓர் இனம் இல்லை; பைட்டுக்களின் அணியே சரம், ஈற்றில் ஒரு சுழியம் வந்து 'இத்துடன் முடிந்தது' என்று காட்டும். பெயர்களின் பட்டியல் வேண்டுமாயின் அணிகளின் அணியை அமைக்கவேண்டும். தொடக்கநிலை மாணாக்கன் என்ன செய்கிறான்? பெயரொன்றுக்கு 20 பைட்டுத் தாராளம் என்று எண்ணி, எல்லாப் பெயர்க்கும் 20 பைட்டு அறைகளை வரிசையாகக் கட்டிவிடுகிறான். குடும்பம் பெரிதோ சிறிதோ, எல்லார்க்கும் ஒரே அளவான காம்பிரா. லயத்தில் வாழ்ந்தவர்க்கு இவ்வமைப்பின் குறையை நான் விளக்கவேண்டுவதில்லை.

ஈற்றுச் சுழியத்துக்கு ஒன்று போக மிஞ்சுவது 19 பைட்டு. பேராதனையின் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் பத்து, வசதியாக அமர்ந்துவிடும். கம்பளை என்று தமிழில் எழுதினால் 18, மயிரிழையில் தப்பிவிடும். பேராதனை என்று எழுதினால் 21; இடமில்லை. இரண்டும் நான்கெழுத்துப் பெயர்கள் என்பதை நோக்குக. கம்பளைக்கு இடங்கொடுத்த அறை பேராதனைக்குக் கொடுக்க மறுக்கிறது. காரணம் அறியாத மாணாக்கன் தன் நிரலுக்குப் பேய் பிடித்ததென்றே கருதுவான். எல்லை கடந்து எழுதினால் பக்கத்து அறையும் கெடும். எல்லையில் வெட்டினால் 'பேராதன' என்று நின்று, ஈற்றில் உருத்தெரியாத ஒரு கேள்விக்குறிக் கட்டம் தொங்கும்.

ஊர்ப்பெயர் வெட்டுப்பட்டால் நகைத்துவிட்டுப் போகலாம். ஆட்பெயர் வெட்டுப்பட்டால்? முத்தையா என்ற நாலெழுத்துப் பெயர்க்கு 24 பைட்டு வேண்டும். மேற்சொன்ன அறையில் அவர் 'முத்தை' ஆகிவிடுவார். மாரியம்மாள் 'மாரியம' ஆகிவிடுவாள். தோட்டங்களில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்றே சொல்லுவது வழக்கம். கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்' விழும், அதாவது பாதிச் சம்பளம். பேர் என்பதும் வாழ்வு என்பதும் ஒரே சொல்லாக வழங்கிய மக்கள் இவர்கள். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின்னரும், 1964-ஆம் ஆண்டுச் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின்னரும், விண்ணப்பத்திலும் பதிவேட்டிலும் பெயர் எவ்வாறு எழுதப்பட்டிருந்தது என்பது எத்தனை குடும்பங்களைக் கப்பலேற்றியது, எத்தனை குடும்பங்களை நிறுத்தியது என்பதை இப்பகுதியிலுள்ள முதியோர் அறிவர். எனக்குப் பழக்கமான ஒரு தந்தையார் அண்மையில் ஓர் அலுவலகத்தில் பெற்ற அச்சுச் சீட்டைக் காட்டினார். மகளின் பெயரில் ஈற்றெழுத்துப் புள்ளியிழந்து நின்றது. "பிறப்புச் சான்றிதழில் ஒன்று, இதில் ஒன்று, பரீட்சைக்குப் போகும்போது எதைக் காட்டுவது?" என்றார். எந்த நிரலாளர் எந்த அறையை எவ்வளவு குறுக்கிக் கட்டினாரோ, யாரறிவார்! தீய எண்ணம் எவர்க்கும் இருந்திராது. அவர் பாடசாலையிற் பழங்களை அடுக்கிப் பயின்றவராயிருப்பார், அவ்வளவே.

முதலெழுத்து என்னும் சங்கடம் இதனினும் நுட்பமானது. பெயர்ப்பட்டியலில் தந்தையின் முதலெழுத்தை முன்வைப்பது நம் வழக்கம். சரத்தின் முதலறையை எடுத்து ஒரு புள்ளி வைத்தால் முடிந்தது என்று நிரலாளர் கருதுவார்; ஆங்கிலத்தில் அது சரியே. தமிழில் அவ்வாறு எடுத்தால் முத்தையாவுக்கும் மீனாட்சிசுந்தரத்துக்கும் மாரிமுத்துவுக்கும் மோகனுக்கும் கிடைப்பது 'ம.' ஒன்றே. மு, மீ, மா, மோ எல்லாம் கொம்பையும் காலையும் கழற்றி வைத்துவிட்டு ஒரே மகரமாக நிற்கும். ஒரே பெயருள்ள இரு மாணவிகளைப் பிரித்தறியவே முதலெழுத்து. அந்தப் பயனே இல்லாமற் போகிறது.

இன்னொரு மயக்கமும் உண்டு. 'கோ' என்ற எழுத்தின் உயிர்க்குறியை யுனிக்கோட்டில் ஒரே எண்ணாகவும் எழுதலாம். இரட்டைக்கொம்புக்கும் காலுக்குமுரிய இரண்டு எண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், அறைகள் வேறு. ஒருவர் ஒருவகையாலும் மற்றவர் மறுவகையாலும் 'கோவிந்தன்' என்று ஏற்றிவிட்டால், இரண்டும் ஒன்றா என்று கேட்கும்போது கணினி இல்லை என்கிறது. ஔவையார் படும்பாடு இன்னும் பெரிது. ஔகாரத்தை ஓரெழுத்தாகத் தட்டாமல் ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்துத் தட்டுவோர் மிகப் பலர். நூற்பட்டியலொன்றில் ஔவையாரைத் தேடினால், ஒகரமும் ளகரமுமாய்க் கிடக்கும் ஔவையார் அகப்படமாட்டார். ஈழத்து நூல்களை எண்ணிம வடிவிற் காத்துவரும் 'நூலகம்' போன்ற முயற்சிகள் 2005 முதல் நடைபெற்று வரும் இக்காலத்தில், சரங்களை ஒப்புமுன் அவற்றை ஒரே வடிவுக்குக் கொணரல் வேண்டும் என்பது நூலகருக்கும் தெரிந்திருக்கவேண்டிய செய்தியாகிறது.

தொடக்கநிலைப் பயிற்சிகளுள் ஒன்று சரத்தைத் திருப்பிப் படித்தல். முன்னும் பின்னும் ஒன்றாக வரும் ஆங்கிலச் சொல்லொன்றைக் கொடுத்து, நிரலாற் சோதிக்கச் சொல்வார்கள். நமக்கோ இது சித்திரகவியில் மாலைமாற்று என்னும் பழைய விளையாட்டு. திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையுமே அவ்வாறு பாடியிருக்கிறார். எல்லார்க்கும் தெரிந்த 'விகடகவி' என்ற சொல்லை மாணாக்கரிடம் கொடுத்தேன். கணினி, இது மாலைமாற்று அன்று என்றது! வகரத்தின் பின் விசிறி வருவதால், அறை அறையாகத் திருப்பும்போது விசிறி தலைக்கு வந்து ஆதரவின்றி நிற்கிறது. எழுத்தெழுத்தாகத் திருப்பினால்தான் விகடகவி மீண்டும் விகடகவியாவான். அன்றைய வகுப்பு முடிந்த பின்னும் மாணாக்கர் வெளியேறவில்லை. எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் நிரற்பகுதியைத் தாமே எழுதத் தொடங்கிவிட்டார்கள். குறியைக் கண்டால் முன்னறையோடு சேர். இல்லையேல் புதிய எழுத்தைத் தொடங்கு. விதி அவ்வளவே. சரத்தை எடுத்து எழுத்துக்களின் அணியாக மாற்றிவிட்டால், நீளம், முதலெழுத்து, திருப்பல் யாவும் ஒருங்கே சீராகின்றன. அன்று மாலைக்குள் கண்டி மூன்றெழுத்தாகிவிட்டது.

இவ்விதியை அவர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததாக நான் கூறவில்லை. யுனிக்கோட்டினரே எழுத்துக்கூட்டு எல்லைகளுக்கு விதி வகுத்துள்ளனர். 2014-இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட சுவிஃப்ட் மொழி கண்டிக்கு நீளம் கேட்டால் நேராக மூன்று என்றே சொல்லும். தமிழுக்கென 'ஓப்பன் தமிழ்' என்ற நிரற்றொகுதியும் பைதனில் உண்டு. ஆயின் பிறர் செய்து வைத்ததைப் பயன்படுத்துமுன் ஒருமுறை தாமே செய்து பார்த்தவர்க்கே அதன் அருமை தெரியும்.

என் கருத்துக்கு எதிராகக் கூறப்படுவன இரண்டு. முதலாவது: எப்படியும் பேராதனைக்குச் சென்றால் பொறியியலையும் கணினியியலையும் ஆங்கிலத்திற்றானே கற்கப்போகிறார்கள், இப்பொழுதே ஆங்கிலத்திற் பழக்கிவிட்டால் என்ன என்பது. கற்கும் மொழி வேறு, கையாளும் பொருள் வேறு என்பதே என் விடை. விரிவுரையை ஆங்கிலத்திற் கேட்பவனும் நாளைக்கு இந்நாட்டு மக்களின் பெயர்களையே அணியில் இடப்போகிறான். அப்பெயர்கள் ஆங்கிலத்தில் மட்டும் இரா. இது தமிழருக்கு மட்டும் உரிய தொல்லையுமன்று. மஹநுவர என்று சிங்களத்தில் எழுதினால் எழுத்து ஐந்து, எண் ஆறு. 'ஸ்ரீ' என்ற எழுத்தைச் சிங்களத்தில் எழுதும்போது கண்ணுக்கே தெரியாத ஓர் இணைப்புக்குறியும் ஓர் அறையை அடைத்துக்கொள்கிறது. பக்கத்து வகுப்பிலுள்ள சிங்கள மாணாக்கன் இதே இடத்தில் இதே விதமாகத் திகைக்கிறான். இருவரும் ஒருங்கிருந்து படிக்கத்தக்க பாடம் இந்நாட்டில் வேறு எத்தனை உண்டோ அறியேன்.

இரண்டாவது கருத்து இதற்கு நேர்மாறானது. யுனிக்கோடு தமிழைச் சிதைத்துவிட்டது. 247 எழுத்துக்கும் தனித்தனி எண் பெற்ற பின்னரே தமிழிற் கணினிக்கல்வி செம்மையுறும் என்பது. இதைச் சொல்வோர் தமிழ்ப்பற்றால் சொல்கின்றனர், அப்பற்றை மதிக்கிறேன். அத்தகைய ஏற்பாடும் ஒன்று உண்டு. டேஸ்-16 என்னும் அதனைத் தமிழ்நாட்டு அரசு 2010-இல், கோவையிற் செம்மொழி மாநாடு நடந்த காலத்தில், யுனிக்கோட்டுடன் சேர்த்துத் தரமாக ஏற்றது. அதில் கண்டி மூன்றே அறை கொள்ளும். ஆயினும் அது உலகப் பொது அட்டவணையில் தனியார் பயன்பாட்டுக்கென விடப்பட்ட பகுதியில் அமைந்திருப்பதால், உலகின் கருவிகள் தாமாக அதனை அறியா. இடைக்காலத்தில் இலங்கையில் நாம் பட்டதையும் மறக்கலாகாது. 'பாமினி' எழுத்துருவால் எழுதிய காலத்தில் கண்டி என்ற பெயர் உள்ளே மூன்று ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகக் கிடந்தது. எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோலமே வெளிப்பட்டது. அறை நான்குதான், யுனிக்கோட்டினும் ஒன்று குறைவு. அறை குறைந்ததால் தமிழ் காக்கப்பட்டதா?

சேமிக்கும் முறை வேறு, எழுத்து வேறு என்பதை அச்சுக்கோப்பாளர்கள் நமக்கு முன்னரே அறிந்திருந்தார்கள். 1882-இல் சித்திலெவ்வை 'முஸ்லிம் நேசன்' வெளியிட்ட ஊர் இக்கண்டி. ஈய எழுத்துக் காலத்தில் இங்கு வாழ்ந்த அச்சுக்கோப்பாளர் 'கொ' என்ற எழுத்தைக் கோக்க மூன்று குழிகளிலிருந்து மூன்று துண்டுகளை எடுத்தார்: கொம்பு, ககரம், கால். 'கு' என்பதற்கு ஒரே துண்டு. அவருடைய எழுத்துப்பெட்டியும் ஓர் அணியே. மூன்று துண்டாகக் கோத்ததனால் 'கொ' மூன்றெழுத்தாயிற்று என்று அக்காலத்தில் எவரும் அழவில்லை. அவர் கை துண்டுகளை எண்ணியது. அவர் கண் எழுத்தைப் படித்தது. நம் மாணாக்கர்க்கு வேண்டுவதும் அந்த இரட்டைப் பார்வையே. அட்டவணை நமக்கு ஏற்றவாறு அமையவில்லை என்பது உண்மை. முப்பதாண்டுகளுக்கு மேலாக எழுதிக் குவித்தவை அதில் இருக்கின்றன என்பதும் உண்மை.

அட்டவணையாற் பணச்செலவும் உண்டென்பதை மாணாக்கர் விரைவில் உணர்கின்றனர். கைப்பேசியிற் குறுஞ்செய்தி ஒன்றுக்கு ஆங்கிலத்தில் 160 எழுத்து இடம். தமிழிலோ 70 குறிகள். பேராதனை என்று எழுதினாலே ஏழு போய்விடும். இதனை வகுப்பிற் கணக்கிட்டுக் காட்டினால் ஆத்திரமும் வருகிறது, பாடமும் பதிகிறது.

அகரவரிசை ஒன்றுதான் இன்னும் முடியாமலிருக்கிறது. வகுப்புப் பதிவேட்டை அணியாக்கி வரிசைப்படுத்தியபோது கனகா முன்னும் கமலா பின்னுமாக வந்தனர். நெடுங்கணக்கில் னகரம் ஈற்றில் நிற்பது. மகரம் அதற்கு வெகு முன்னது. ஆகவே கமலாவே முந்தவேண்டும். அட்டவணையிலோ னகரத்தை நகரத்தின் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்னே ஏறியிருக்கின்றன. றகரம் ரகரத்தின் அருகே சென்றுவிட்டது. புள்ளியோ எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால். ஆகவே நெடுங்கணக்கின் முறையை ஓர் அணியாக எழுதி வைத்து, அதைப் பார்த்து வரிசைப்படுத்தும் நிரலை மாணாக்கர் எழுதவேண்டும். தவணை முடிவதற்குள் செய்துவிடுவார்கள் என்று நம்புகிறேன். நெடுங்கணக்கை முறையாகச் சொல்லத் தெரியாதவர் உயர்தர வகுப்பிற் சிலர் இருந்தமையால் ஒரு பாடவேளை அதற்கே செலவாயிற்று. தமிழாசிரியர் மனமுவந்து உதவினார்.

பாடநூல் ஆக்குவோரிடம் நான் வேண்டுவது பெரிதன்று. சரங்களின் அணி என்ற அத்தியாயத்தில் முதல் உதாரணம் தமிழ்ப்பெயராக இருக்கட்டும். சிங்களப் பாடநூலில் சிங்களப் பெயராக இருக்கட்டும். நீளம் என்ற சொல் வருமிடத்தில் எதன் நீளம் என்பது குறிக்கப்படட்டும். பரீட்சை வினாத்தாள் ஆக்குவோர்க்கும் ஒரு சொல். 'கண்டி' என்ற சரத்தின் நீளம் யாது என்று என்றேனும் கேட்பதாயின், மூன்று என்று எழுதிய பிள்ளைக்குப் புள்ளி உண்டா, ஐந்து என்று எழுதிய பிள்ளைக்கு உண்டா என்பதை விடைத்தாள் திருத்துவோர் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வார்களாக. என் வகுப்பிலிருந்து செல்லும் பிள்ளைகள் இரண்டையும் எழுதி, காரணமும் எழுதுவார்கள்.